ஐந்தாவது மீன்

திருவொற்றியூர்க் கடற்கரையில் நம் தெரு இருந்த இடத்தில் இப்போது கருங்கல் குவிந்து கிடக்கிறது. அந்தக் கல்லுக்கு அடியில்தான் நாம் பாண்டி ஆடிய மணல் இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் அடுக்குமாடிக் குடியிருப்பில் படி ஏறி மூச்சு வாங்குகிறீர்கள். மீதிப் பேர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு பிள்ளைகள் வீட்டில் இருக்கிறீர்கள். அவசர வேலை ஒருவருக்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புயல் அடித்த வருஷம் நம் குப்பத்தில் வந்து தங்கினாரே, அந்தத் தீவுக்காரரை ஞாபகம் இருக்கிறதா என்று நம்மோடு படித்த ஒருத்தியிடம் கேட்டேன். "யாரு, அந்த ரீல் வுட்டுகினு திரிஞ்ச ஆளா?" என்றாள். அதைக் கேட்ட எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஐப்பசி மழையோடு வந்த புயலில் ஒரு பழைய சரக்குக் கப்பல் நங்கூரம் அறுந்து, நம் குப்பத்துக்கு நேரே தரை தட்டி நின்றது. துருவும் எண்ணெயும் கலந்த அந்த நாற்றம் உரத் தொழிற்சாலை நாற்றத்தையே தோற்கடித்தது. கப்பலில் இருந்தவர்களைக் கட்டுமரத்தில் போய்க் கரை சேர்த்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். நாங்கள் வீட்டில் நைனா என்போம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கப்பலின் சமையல்காரரை நைனாதான் இழுத்து வந்தார். தேக்குக் கதவு மாதிரி உடம்பு, சுருட்டை முடி. கையில் மூடி போட்ட ஒரு மரப்பெட்டியை மட்டும் விடாமல் பிடித்திருந்தார். தூண்டில் முள்ளும் தீப்பெட்டியும் வைக்கிற பெட்டியாம். தண்ணீர் புகாது, மிதக்கும். அவர் ஊரில் கடலுக்குப் போகிற ஒவ்வொருவனிடமும் ஒன்று இருக்குமாம்.

மற்ற மாலுமிகளைக் கப்பல் ஏஜென்ட் ஒவ்வொருவராக அவரவர் நாட்டுக்கு அனுப்பிவிட்டார். இவருடைய ஊர் எங்கே இருக்கிறது என்று மட்டும் அந்த அலுவலகத்தில் யாருக்கும் விளங்கவில்லை. ஊர்ப் பெயர் தொக்கெலாவ். பசிபிக் கடலில் இருக்கிறது. விமானம் இறங்காது. துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், பாறை இடுக்கு வழியே சின்னப் படகில்தான் போக வேண்டும். "ஏரோப்ளேனும் வராது, கப்பலும் நிக்காதுன்னா அது இன்னா நாடு? யார்கிட்ட கத வுடுற?" என்று ஏஜென்ட் ஆபீஸ் ஆள் கேட்டாராம். காகிதம் வரும் வரை லாட்ஜில் இருக்கச் சொன்னார்கள். அலைச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று அவர் ஒரு துணி மூட்டையோடு நடந்தே குப்பத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். கடலிலிருந்து இழுத்துப் போட்டவன்தான் சோறும் போட வேண்டும் என்று நைனா அவரை எங்கள் வலைக்கொட்டகையில் தங்க வைத்தார்.

அந்தப் பருவத்தில் எங்கள் வீட்டை அரித்துக்கொண்டிருந்த கவலை அவர் அல்ல. அத்தை.

நைனாவுக்கு ஒரே தங்கை. எங்கள் தெருவின் கடைசி வீடு அவளுடையது. அத்தை வீட்டுக்காரருக்குக் கால் நசுங்கிக் கடலுக்குப் போக முடியாமல் போனது. அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனி நம் கரை வழியாகக் கழிவுக் குழாய் போட வந்தது. குழாய் வந்தால் மீன் போய்விடும், அந்த வேலைக்கு யாரும் போகக் கூடாது என்று ஊர் கூடிச் சொல்லியிருந்தது. அவர் காவலாளி வேலைக்குப் போய்விட்டார். நொண்டிக் காலோடு அவர் வேறு எங்கே போவார் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. ஊர் அந்த வீட்டைத் தள்ளி வைத்தது. தள்ளி வைப்பது என்றால் உங்களுக்குத் தெரியும். குழாயடியில் தண்ணீர் கிடையாது, நெருப்பு கிடையாது, மீன் கிடையாது, பேச்சும் கிடையாது. மீறினால் மீறியவனையும் தள்ளி வைப்பார்கள்.

அத்தை அப்போது நிறைமாசம். ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு அவளை அவள் புருஷன் ரிக்‌ஷாவில் தனியாக அழைத்துப் போனதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். திரும்பி வந்தபோது துணிச் சுருளில் ஒரு குழந்தை. தெருவில் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று அம்மா பால்சுறாக் கருவாடு எடுத்து வைத்திருந்தாள். அது பானைக்குள்ளேயே கிடந்தது. கடைசி வீட்டிலிருந்து குழந்தை வீறிடும்போதெல்லாம் அம்மா அடுப்பை ஊதுகிற சாக்கில் அழுவாள். நைனா எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார். கூடப் பிறந்தவளைக் கைகழுவிவிட்டுக் காற்று வாங்கப் போகிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

தீவுக்காரருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கிய காலத்து ஆங்கிலம். எனக்கு ஐந்தாம் வகுப்பு ஆங்கிலம். இந்த மூன்றையும் சேர்த்துத் தைத்துத்தான் பேச்சு நடந்தது. தெருவில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் அவரோடு பேச முயலவே இல்லை.

ஒருநாள் என்னுடைய உடைந்த வளையல் துண்டுகளைக் கேட்டு வாங்கி மணலில் அடுக்கினார். ஒரு வட்டம், நடுவே காலி. வளையல் துண்டுதான் நிலம், நடுவில் இருப்பது உப்பேரி, வெளியே ஆழக்கடல். மலை கிடையாது, ஆறு கிடையாது. மண் என்று சொல்லும்படி மண்ணே கிடையாது, பவளம் நொறுங்கிய மணல்தான். தென்னையும் தாழையும் சீமைப்பலாவும் முளைக்கும். குடிக்க மழைத் தண்ணீர். ஊர் நடுவே நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும். பெரிய அலை வந்தால் எங்கே ஓடுவீர்கள் என்று கேட்டேன். தென்னை மரத்தைக் காட்டி, இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வது போல நடித்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்படி மூன்று வட்டம் போட்டார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படகில் வெகுநேரம் போக வேண்டுமாம். பிறகு தள்ளி நாலாவதாக ஒரு வட்டம் போட்டு, அதை மட்டும் உள்ளங்கையால் மூடினார். அது முன்பு அவர்களுடையதாம், இப்போது வேறு நாட்டுக் கொடி பறக்கிறதாம். "யாரு புட்ங்கினாங்க?" என்று நைனா கேட்டார். தீவுக்காரர் தோளைக் குலுக்கினார். கப்பல்காரர்கள் வருவார்கள், காகிதத்தில் கோடு போடுவார்கள், போய்விடுவார்கள் என்றார்.

ராஜாவும் பட்டாளமும் அங்கே கிடையாது. நியூசிலாந்து என்ற தூரத்து நாடு பெயருக்கு மேலே இருக்கிறது. உண்மையில் ஊரை நடத்துவது ஒவ்வொரு தீவிலும் கூடுகிற பெரியவர்கள்தான். இன்றைக்கு யார் கடலுக்குப் போவது, யார் தேங்காய் உரிப்பது என்பதைக்கூட அவர்கள்தான் சொல்வார்களாம். கொப்பரையும் பாயும்தான் விற்பனைச் சரக்கு. மற்றபடி வெளியூர் போன பிள்ளைகள் அனுப்புவதை வைத்துக் காலம் ஓடும். அதனால்தான் இவரும் கப்பலேறினார். மூன்று பெண் குழந்தைகளாம். உயரத்தைக் கையால் காட்டினார். காட்டிவிட்டு, இப்போது இன்னும் வளர்ந்திருப்பார்கள் என்று கையைச் சற்று உயர்த்தினார்.

"பெரியவங்க பேச்சுதான் சட்டமா? அப்ப நம்ம ஊரு மாதிரியேதான் கீது" என்ற நைனா வலை ஊசியை நிறுத்தினார். "அங்கயும் வூட்ட தள்ளி வெப்பாங்களா?"

தீவுக்காரருக்கு அது புரிய நேரமாயிற்று. புரிந்ததும் சொன்னார். தப்புச் செய்தவனைத் திட்டுவார்கள், ஊர் வேலை வாங்குவார்கள், பெரியவர்கள் நடுவே உட்கார விடமாட்டார்கள். ஆனால் பங்கு போகும். ஊர்ப் படகு கரைக்கு வந்ததும் மீனைத் தரையில் கொட்டி, வீடு வீடாகத் தலையை எண்ணிக் கூறு போடுவார்கள். கிழவனுக்கும் பிறந்த குழந்தைக்கும் ஒரே அளவு. படுத்திருப்பவனுக்கும் உண்டு, ஊரில் இல்லாதவனுக்கும் உண்டு. அந்த வீட்டுக் குழந்தை வந்து எடுத்துப் போகும். இதற்கு அவர்கள் மொழியில் இனாத்தி என்று பெயர். அப்பன் செய்த தப்புக்கு மீன் என்ன செய்யும் என்றார், அல்லது அந்த அர்த்தத்தில் ஏதோ ஒன்று சொன்னார். நைனா அறுந்த வலைக் கண்ணியைப் பின்ன ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு தீவுக்காரர் என்னிடம் ஒரு விளையாட்டு ஆரம்பித்தார். தெருவில் நடப்போம். ஒவ்வொரு வாசலிலும் நின்று, இந்த வீட்டில் எத்தனை பேர் என்று விரலால் கேட்பார். நான் விரல் விட்டுச் சொல்வேன். கடைசி வீடு வரும்போது நான் திரும்பிவிடுவேன். அந்த வீட்டைப் பற்றி வாய் திறந்தால் முதுகுத் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். அவரும் திரும்பிவிடுவார்.

புயலுக்குப் பின் வெகுநாள் கடல் கலங்கியே கிடந்தது. குப்பத்தில் கஞ்சிக்கும் தட்டுப்பாடு. கார்த்திகை முடிகிற சமயம், முதலில் இறங்கியது எங்கள் படகு. நைனா, பக்கத்து வீட்டு அண்ணன், தீவுக்காரர் மூன்று பேரும் போனார்கள். விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் திரும்பிவிட்டார்கள். படகு நிறைய சங்கரா மீன். சிவப்பும் இளஞ்சிவப்புமாக, ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரிது. கூடைக்காரப் பெண்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஏலம் கூறுபவரும் வரவில்லை.

நைனா படகைப் பார்த்தார், தீவுக்காரரைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டு அண்ணனிடம், "வாடா, ஒரு டீ அடிச்சிட்டு ஏலக்காரர கையோட இட்டுகினு வந்துடலாம்" என்று தோளில் கை போட்டு அழைத்துப் போனார். முதல் மீன் கரையில் கிடக்க நைனா டீ குடிக்கப் போனதை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

அவர்கள் தலை மறைந்ததும் தீவுக்காரர் மீனை மணலில் கொட்டினார். முட்டி போட்டு உட்கார்ந்து கூறு போடத் தொடங்கினார். முதல் வீட்டுக்கு ஆறு. அடுத்த வீட்டுக்கு எட்டு. நான் சொன்ன எண்ணிக்கை ஒன்றுகூட அவருக்குத் தவறவில்லை. மணலில் நம் தெருவே படுத்திருந்தது. பிறகு கைதட்டிப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். வெறும் வயிற்றோடு இருந்த நாம் சும்மா இருப்போமா? பாவாடையிலும் டவுசர் மடியிலும் வாரிக்கொண்டு ஓடினோமே, நினைவிருக்கிறதா? உங்களில் யார் வீட்டில் அன்று மீன் குழம்பு கொதிக்கவில்லை, சொல்லுங்கள்.

கடைசியில் ஒரு கூறு மிச்சம் இருந்தது. எந்த வீடு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. "அந்த வூட்டுக்கு வாணாம், கூடாது" என்று கையை ஆட்டினேன். அவர் அந்த மீனை எடுத்துத் தாழை மட்டையில் கோக்க ஆரம்பித்தார். ஐந்து மீன். அத்தை, அவள் புருஷன், மூத்த பையன், கைக்குழந்தை, ஆக நாலு பேர்தானே என்று விரலைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். பாவம், இத்தனை வீட்டுக்குச் சரியாக எண்ணியவர் கடைசியில் தப்பு விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் நேரே நடந்து போய் அத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தார். கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து எடுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலமே எல்லையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடிவிட்டது. கூடியவர்கள் அத்தனை பேரும் மதியம் அந்தச் சங்கராவைத் தின்றவர்கள்தான். நாட்டாமை பேச வாயெடுத்தபோது மீசையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. ஏலம் போகாமல் மீனைப் பங்கு போட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்களாம். தள்ளி வைத்த வீட்டுக்குப் பங்கு வைத்ததுதான் குற்றமாம்.

"இந்தாளுக்கு யாரு சொல்லிக் குட்த்தது?" என்றார் நாட்டாமை. "நீ சொன்னியா?"

நைனா எழுந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "எனக்குத் தெரியாது. நான் டீ குடிக்கப் பூட்டேன். அவன் இஷ்டத்துக்குப் பண்ட்டான்."

"அப்ப அவனையே கேளு."

நைனாதான் கேட்டுச் சொல்ல வேண்டும், வேறு ஆள் இல்லை. அவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். தீவுக்காரர் நிறையப் பேசினார். நடுவில் குழந்தை என்ற சொல் இரண்டு முறை வந்தது எனக்குக் கேட்டது. பேசி முடித்து நைனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். நைனா நாட்டாமை பக்கம் திரும்பி, "தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிக்கங்கன்றான்" என்றார்.

"அவ்ளோ பேசினாரே நைனா" என்று பெண்கள் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டேன்.

"நீ வாய மூடு" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியூர்க்காரனுக்கு இடம் கொடுத்ததால் வந்த வினை, அவன் விடிந்ததும் போய்விட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தள்ளி வைத்த வீடு தள்ளி வைத்தபடியே இருந்தது. மறுநாள் காலையில் நைனா அவரை ராயபுரம் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். போகுமுன் தீவுக்காரர் அந்த மரப்பெட்டியை என் கையில் வைத்து மூடியை ஒருமுறை அழுத்திக் காட்டினார். ஏஜென்ட் அவரை எப்போது அனுப்பினார், எப்படி அனுப்பினார், மூன்று பெண் குழந்தைகளைப் போய்ச் சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. நைனாவிடம் கேட்டால் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார். பொங்கலுக்கு முன்பே அத்தை வீடு காலியாகிவிட்டது, மணலிப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். பிறகு பல வருஷம் கழித்துக் கடல் நம் வீட்டை எடுத்தபோது அந்தப் பெட்டியும் போனது. மிதக்கிற பெட்டிதான். எந்தக் கரையிலாவது ஒதுங்கியிருக்கும்.

நைனா சாகிற வரை அவர்மேல் எனக்கு ஒரு கோபம் அடியில் இருந்துகொண்டே இருந்தது. மருந்து எடுத்துக் கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன், கோபத்தை மட்டும் விடவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் என் அத்தைக்கு மீன் கொடுத்தார், கூடப் பிறந்தவர் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போன சித்திரையில் மணலி புதுநகருக்கு அத்தையைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டாள், காது மட்டும் கூர்மை. அன்றைய கைக்குழந்தை இன்று தலை நரைத்து நிற்கிறாள், அவள்தான் தாயைப் பார்த்துக்கொள்கிறாள். அத்தையின் பேரன் போனில் தொக்கெலாவைத் தேடிக் கொடுத்தான். அப்படி ஒரு ஊர் இருக்கத்தான் செய்கிறது, ரீல் இல்லை. மூன்று வளையமும் அவர் வைத்தபடியே இருந்தன. தலைமைப் பதவி வருஷத்துக்கு ஒரு தீவாகச் சுற்றி வருகிறதாம். தனி நாடாகப் போகிறீர்களா என்று இரண்டு முறை ஓட்டெடுத்தும் போதிய ஓட்டு விழவில்லையாம். அவர்கள் கடலில் மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டணம் கட்டுகின்றன, அதுதான் பெரிய வருமானம். ஊரில் இருப்பவர்களைவிட நியூசிலாந்துக்குக் குடிபோனவர்கள்தான் அதிகம். கடல் அங்கேயும் ஏறிக்கொண்டிருக்கிறதாம். அதைப் படித்ததும் எனக்கு நம் கருங்கல் குவியல் ஞாபகம் வந்தது.

ஒரு படத்தில் மீனைத் தரையில் கூறு போட்டிருந்தார்கள். அதை அத்தையிடம் காட்டினேன். போனைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

"உங்கப்பன் வாயில்லாப் பூச்சி" என்றாள். "ஊரு முன்னால ஒரு வார்த்த பேச மாட்டான். ஆனா என் பங்க அந்தாளு கையில குட்த்து அனுப்பினான்."

"நைனா இல்ல அத்த, அவரா வெச்சாரு" என்றேன். "அஞ்சுன்னு தப்பா வேற எண்ணிட்டாரு."

"தப்பில்லடி." அத்தை போனை மடியில் வைத்தாள். "எனக்கு ரெட்டைப் பொண்ணு. ஒண்ணு நோஞ்சான், ஆஸ்பத்திரிலயே வெச்சிகினாங்க. ஒண்ணத்தான் தூக்கியாந்தேன். தெருவுல யாரு வந்து பாத்தா, தெரியறதுக்கு? உங்கப்பன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். ஒருநாளு ஆஸ்பத்திரி வார்டு வாசப்படில நின்னுகினு ரெண்டையும் பாத்தான். ஒண்ணும் பேசல, பூட்டான்."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "மார்கழியில அது செத்துப் போச்சு. எங்கூட்டுக்காரரே எடுத்துகினு போயி காசிமேட்டுச் சுடுகாட்டுல பொதைச்சிட்டு வந்தாரு. அந்தக் கொயந்தைய இந்த ஒலகத்துல கணக்குல எடுத்துகினது அந்த மீனு ஒண்ணுதான்."

கடைசி வீட்டைப் பற்றி நான் தீவுக்காரரிடம் ஒரு விரல்கூடக் காட்டியதில்லை. அவரோடு பேசிய இன்னொரு ஆள் நைனாதான். ஐந்து என்று சொன்னதும் அவர்தான், டீ குடிக்கப் போனதும் அதற்காகத்தான். பிறகு ஊர் நடுவே எழுந்து நின்று, எனக்குத் தெரியாது என்று சொன்னதும் அதே நைனாதான். தங்கையைக் கைவிட்டார் என்று இத்தனை காலம் நான் வளர்த்த கோபம் தவறு. அதை இறக்கி வைக்கலாம் என்று பார்த்தால், அந்த இடத்தில் தீவுக்காரர் நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் பேச்சை ஊருக்கு எடுத்துச் சொல்ல அன்று இருந்தது நைனாவின் ஆங்கிலம் ஒன்றுதான். உண்மையைச் சொல்ல வேறு வாய் அவருக்கு இல்லை.

வாசலில் டீ டம்ளரோடு அத்தை மகள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று நாங்கள் கவனிக்கவில்லை. ரெட்டையில் ஒருத்தி என்று இத்தனை வயதுக்கு அவளுக்குத் தெரியாது என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தாயின் அருகே உட்கார்ந்தாள்.

"அவளுக்குப் பேரு வெச்சியாம்மா?"

அத்தை படத்திலிருந்த மீன்களை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரும் வந்து கேக்கலியே," என்றாள், "இன்னா பேருன்னு."